கோர்ட்டில் விட்டு வந்த ஜாடி

1

என் மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன சேதி, நான் எழுதுவதற்கு முன்பே விருத்தாசலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாம். மைத்துனர் எழுதியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் ஒருவர் வந்து, "இன்னா மாமா, சீமையில உங்க அக்கா மவன உள்ள வச்சிட்டாங்களாமே, எத்தினி வருசம் போட்டாங்க?" என்று துக்கம் விசாரித்தாராம். வருஷமாம்! படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் இருந்த கோப்பை உடையாமல் தப்பியது அதன் அதிர்ஷ்டம்.

ஆமாம், பிடித்தார்கள். விட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாருக்காவது கேட்கத் தோன்றியதா? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மூடி மறைக்க ஒன்றுமில்லை. பெருமையடித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அடித்துக்கொள்ளத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் ஒரு வழக்கம். பிடித்தாலும் சரி, கேஸ் நடந்தாலும் சரி, தண்டனை கொடுத்தாலும் சரி, மூன்றுக்கும் ஒரே பேர்: "உள்ள போயிட்டான்." பிடிபட்டவன் குற்றவாளி இல்லை, அவனை இன்னும் யாரும் விசாரிக்கவே இல்லை என்பது நம் வாய்க்கு வராது. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. எனக்குத் தெரிய வைத்தது என் மனைவி பூங்காவனம். அவளைப் பற்றியும்தான் இது.

2

விருத்தாசலம் மாதிரியே இங்கே நாங்கள் இருப்பதும் ஒரு பீங்கான் ஊர்தான். இங்கிலாந்தின் நடுவில், மழையும் புகையுமாக இருக்கிறது. கப்பும் சாஸரும் தட்டும் செய்கிறார்கள். நான் சூளைப் பிரிவில் இருக்கிறேன். விருத்தாசலத்தில் வியர்வை ஒழுகக் கரி தள்ளியவனுக்கு இங்கே கரி கிடையாது, குழாயில் வரும் கேஸ். சூட்டைக் காட்டும் முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் வாரம் கை சும்மா இருக்கிறதே என்று எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

மகனுக்குப் பழமலை என்று பேர் வைத்தோம். நம்மூர்ப் பிள்ளைக்கு நம்மூர்ச் சாமி பேர். இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாளே டீச்சரம்மா அதைப் 'பால்' ஆக்கிவிட்டார். வாசலில் பையன்கள் வந்து "பால், பால்" என்று கூப்பிட்டபோது பூங்காவனம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போன நாளும் உண்டு. பையனுக்குத் தமிழ் புரியும். பேசச் சொன்னால், தெரியாத ஊரில் விலாசம் விசாரிக்கிறவன் மாதிரி நின்று நின்று பேசுவான். நாங்கள் கேட்டால் ஒரு வார்த்தை, அவன் சிநேகிதர்கள் கேட்டால் நூறு வார்த்தை. பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்கிறார்கள். எனக்கு அது சமாதானமாகவில்லை.

போன குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஃபுட்பால் ஆட்டம் முடிந்து கூட்டம் கடைத்தெருவில் போயிருக்கிறது. யாரோ ஒரு கடையின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். கடைக்காரர் சொன்ன அடையாளம்: பச்சைக் கோட்டு போட்ட பையன்கள். இந்த ஊரில் அந்தக் குளிருக்குப் பச்சைக் கோட்டு போடாத பையன் யார்? தலைக்கு மூடி வைத்து, ஓரத்தில் ரோமம் வைத்த கோட்டு. எல்லோரிடமும் அதுதான். இவன் மீன் வறுவல் கடை வரிசையில் நின்றிருக்கிறான். சத்தம் கேட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தவனையும் சேர்த்து ஐந்தாறு பேரை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து சொன்னார். கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "உங்கள் மகன் எங்களோடு இருக்கிறான்" என்றார். விருந்தாளியாகப் போயிருக்கிறான் போல. பூங்காவனம் அடுப்பை அணைத்தாள், புடவைக்கு மேல் கோட்டை மாட்டினாள். பஸ்ஸில் போனோம்.

ஸ்டேஷனில் எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். போலீஸ் நமக்கு டீ கொடுக்கிறது! விருத்தாசலத்தில் நாம்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்போம். பிறகு இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷர், அதைச் சொல்லத்தான் வேண்டும். பொறுமையாக விளக்கினார். சின்னப் பையன், முதல் தடவை, எதற்குக் கோர்ட்டு? 'நான்தான் செய்தேன்' என்று ஒப்புக்கொள்ளட்டும், பெற்றோர் நீங்களும் சரி என்று சொல்லுங்கள். பெரிய அதிகாரி ஒருவர் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பிவிடுவார். மற்றப் பையன்களின் அப்பா அம்மா எல்லோரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். இப்போதே வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

இந்த வார்த்தைகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன், தமிழில், ஒரு கோர்ட்டு வராந்தாவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடி.

3

பழமலை அப்போது கைக்குழந்தை. நான் விருத்தாசலத்தில் ஒரு தனியார் பட்டறையில் சூளை எரிப்பவன். பூங்காவனத்துக்கும் அங்கேயே வேலை, காய்ந்த ஜாடிகளுக்குப் பிசிறு துடைப்பது. ஊறுகாய் ஜாடிதான் எங்கள் சரக்கு. பழுப்பும் வெள்ளையுமாக, மூடியோடு. தென்னாற்காட்டில் பாதி வீட்டு மாங்காய் நாங்கள் வேகவைத்த ஜாடியில்தான் ஊறியது என்று சொன்னால் அது கொஞ்சம் அதிகம். ஆனால் ரொம்ப அதிகமில்லை.

சூளை பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பற்றவைத்தால் இரவு பகலாக எரிய வேண்டும். கடைசி நாள் மத்தியானம்தான் முக்கியம். அப்போது சூடு உச்சிக்கு வரும். கரி தள்ளுவது கொஞ்சம் தாமதித்தால் ஜாடி வேகாமல் மந்தமாக நின்றுவிடும், கொஞ்சம் மிஞ்சினால் கோணிக்கொள்ளும். அந்த நேரம் சூளை வாயை விட்டு எரிப்பவன் நகர மாட்டான். பெற்றவள் செத்தாள் என்று ஆள் வந்தாலும், அடுத்தவன் கையில் கரி தள்ளும் கம்பியைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அப்படி ஒரு கடைசி நாள் மத்தியானம், ஜங்ஷன் ரோட்டில் திட்டக்குடி பஸ் ஒன்று மண் வண்டியில் மோதிவிட்டது. மாட்டுக்குக் கால் போய்விட்டது. கூட்டம் கூடிப் பஸ்ஸைக் கல்லால் அடித்துக் கண்ணாடியை நொறுக்கிவிட்டார்கள். எனக்கு இதெல்லாம் மறுநாள்தான் தெரியும். நான் சூளை வாயில் இருந்தேன்.

டிரைவர் ஸ்டேஷனில் கொடுத்த அடையாளம்: "வெள்ள மண்ணு அப்பின ஆளுங்க."

ஊரே பீங்கான் மண் குழைக்கிற விருத்தாசலத்தில்! மாவு மில்லுக்குப் போய் உடம்பில் மாவு ஒட்டியவனையெல்லாம் பிடிப்பது போலத்தான். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்தார்கள். சூளையை மூடி ஆறவிட்டுவிட்டு, சாக்கை விரித்துப் படுத்திருந்தேன். உடம்பெல்லாம் மண்ணும் கரியும். எழுப்பி, "நடடா" என்றார்கள். எதற்கு என்று கேட்டேன். "அங்க வந்து கேளு" என்றார் ஒருவர். எங்கள் பட்டறையிலும் பக்கத்துப் பட்டறையிலுமாக ஒரு வண்டி ஆள் ஏற்றினார்கள்.

4

பிடித்த ஆளை இருபத்து நாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். எனக்கு அன்றைக்குத் தெரியாது. நேரே ஜெயிலுக்குத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். கோர்ட்டு வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்தார்கள்.

செய்யாததையும் ஒப்புக்கொண்டு போகும் வழக்கம் அங்கேதான் எனக்குத் தெரிய வந்தது. ஏட்டு ஒருவர் வரிசையில் வந்து தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். "ஐயா கேட்டா ஆமாங்கன்னு சொல்லிடுங்க. ஃபைனு போடுவாரு. உங்க மொதலாளி மேஸ்திரிகிட்ட குடுத்தனுப்பியிருக்காரு. கட்டிட்டு சாயங்காலம் வூட்டுக்குப் போயி சோறு துன்னுங்க."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். முதலாளியும் நல்லதுக்குத்தான் அனுப்பினார். மேஸ்திரி துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்ட திருப்தியோடு தூணோரம் நின்றிருந்தார். எல்லோருக்கும் சம்மதம். போதாததுக்கு, நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர் கேட்டால் 'இல்லை' என்று சொல்வது மரியாதை இல்லை என்றே வளர்ந்தவர்கள் நாங்கள். மணியக்காரர் கேட்டாலும் ஆமாங்க, டாக்டர் கேட்டாலும் ஆமாங்க. நானும் தலையாட்டிவிட்டேன்.

அப்போது பூங்காவனம் வந்தாள், இடுப்பில் குழந்தையோடு, வெயிலில் முகம் கறுத்து. சாதாரணமாக என்னை 'ஏங்க' என்பாள். கோபம் வந்தால் 'யோவ்'. யோவ் வந்துவிட்டால் அந்தத் தெருவில் காக்கா கூட உட்காராது.

"யோவ், நீ போனியா அங்க?"

"போவல."

"கல்லு எடுத்தியா?"

"நான் எங்க எடுத்தன்? சூளையிலதான இருந்தன்."

"அப்ப எதுக்கு ஆமாங்கற?"

ஏட்டு குறுக்கே வந்தார். "ஏம்மா, இது சும்மா பேருக்கு. ஒத்துக்கிட்டா இன்னியோட முடிஞ்சிது. இல்லன்னா நடையா நடக்கணும்."

"முடிஞ்சிதுன்னு நீங்க சொல்றீங்க. அங்க எழுதி வப்பாங்களா, மாட்டாங்களா?"

"எழுதத்தான் வப்பாங்க."

"பின்ன எப்படி முடிஞ்சிது?" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "செய்யாத தப்ப ஒத்துக்கினு நீ வூட்டுக்கு வர வாணாம். நாளைக்கு இந்தப் புள்ளைய எவனாவது, கல்லெறிஞ்சவன் மவன்னு சொன்னா நான் இன்னான்னு சொல்லட்டும்? நீ உள்ளாற இரு. நான் வெளிய பாத்துக்கறன்."

மேஸ்திரிக்கு வந்ததே ஆத்திரம்! "பொம்பள பேச்சக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்" என்று அவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவன் ஆமாங்க என்றான். அவனுக்கு முன்னால் நின்றவனும் ஆமாங்க. என் முறை வந்தது. ஜன்னல் வழியாக வராந்தாவில் அவள் தெரிந்தாள், குழந்தையைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்தபடி.

"இல்லீங்க ஐயா" என்றேன். "நான் அங்க இல்லீங்க. சூளையில இருந்தன்."

மாஜிஸ்ட்ரேட் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் காலையில் அவர் நிமிர்ந்து பார்த்த ஒரே ஆள் நான்தான். கோபமில்லை. "வக்கீல் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். ஜாமீன் கொடுக்க ஆள் இருக்கிறதா? அதுவும் இல்லை. சரி, ரிமாண்டு என்றார். மற்றவர்கள் சாயங்காலம் வீட்டுக்குப் போனார்கள். நான் சப்-ஜெயிலுக்குப் போனேன்.

5

சப்-ஜெயில் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொசு. களி. மூலையில் ஒரு சட்டி. அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். செய்யாததுக்கு உள்ளே இருப்பவனுக்கு அழுகை வராமல் வேறு என்ன வரும்?

வெளியே அவள் சும்மா இருக்கவில்லை. தேரடிப் பக்கம் ஒரு வக்கீல் இருந்தார். வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் காபி குடிக்கும் நேரமாகப் பார்த்து, பிடிப்பது என்றால் என்ன, ரிமாண்டு என்றால் என்ன, ஜாமீன் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். அவரும் சலிக்காமல் சொல்லியிருக்கிறார். ரிமாண்டு தண்டனை இல்லை, விசாரணை முடியும்வரை வைத்திருப்பது. இந்த மாதிரிக் கேஸில் ஜாமீன் என்பது சலுகை இல்லை, உரிமை. நிலம் உள்ள ஆள் ஒருவர் பொறுப்பேற்றால் விட்டே ஆக வேண்டும். கேட்டதை வீட்டுக்குப் போகும் வழியிலேயே குழாயடியில் நாலு பேருக்குச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாளாம்.

கம்மாபுரத்தில் அவளுக்குச் சித்தப்பா ஒருவர். நிலம் உள்ளவர், பயந்த சுபாவம். அவரைப் பிடித்தாள்.

"ஜாமீன் கையெழுத்துப் போட்டா நெலத்த எடுத்துக்குவாங்களாம்ல, பாப்பா?"

"அவரு ஓடிப்போனாத்தான் சித்தப்பா உங்கள கேப்பாங்க. அவரு எங்க ஓடுவாரு? சூளைய வுட்டா வூடு, வூட்ட வுட்டா சூள. மூணாவதா ஒரு வழி அவருக்குத் தெரியுமா?"

அவர் சிரித்துவிட்டாராம். நிலத்துக்குக் கிஸ்து வரி கட்டின ரசீதை மடியில் முடிந்துகொண்டு அவளோடு பஸ் ஏறினார்.

அதற்கு முந்தின நாள்தான் பட்டறையில் சூளையைத் திறந்திருக்கிறார்கள், நான் எரித்துவிட்டு வந்த சூளையை. இவளும் சரக்கு இறக்கப் போயிருக்கிறாள். முதல் ஜாடியைக் கையில் வாங்கினாள், பார்த்தாள். மேலே பளபளப்பு ஒரு திட்டு இல்லாமல் ஓடியிருக்கிறது. விரலை மடக்கித் தட்டினாள். கணீரென்றது. இரண்டாவது ஜாடி, மூன்றாவது, கடைசி வரிசைவரை ஒன்றுகூடக் கோணவில்லை, ஒன்றுகூட மந்தமாக நிற்கவில்லை. பட்டறையில் அப்படி ஒரு சூளை இறங்கி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அவள் அந்த முதல் ஜாடியோடு மேஸ்திரியிடம் போனாள்.

"மேஸ்திரி, இந்தச் சூளைய பாதியில வுட்டுட்டு ரோட்டுக்குப் போயி கல்லெறிஞ்சாருன்னு போலீஸ் எழுதியிருக்குது. உங்க சூளைய. உங்களுக்கு ரோசம் வரல?"

மேஸ்திரி ஜாடியை வாங்கித் தட்டிப் பார்த்தாராம். அப்புறம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "எவன்டா சொன்னான் பாதியில வுட்டான்னு?" என்றாராம்.

என்மேல் இருந்த கோபம் அவருக்கு அப்போதும் போகவில்லை. ஆனால் சூளையைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அது அவளுக்குத் தெரியும்.

6

ஜாமீனில் வந்த பிறகுதான் ஏட்டு சொன்ன நடை ஆரம்பித்தது. வாய்தா. போனால், அரசாங்க வக்கீல் வரவில்லை, வேறொரு நாளுக்கு வாய்தா. அடுத்த தடவை சாட்சி வரவில்லை, வாய்தா. ஒரு தடவை மாஜிஸ்ட்ரேட்டே மாற்றலாகிப் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் டவாலிச் சேவகன் என் பெயரை ஊர் கேட்கக் கூவுவான், நான் ஓடிப்போய் நிற்பேன், அவ்வளவுதான் வேலை. ஒத்துக்கொண்டவர்கள் ஜாலியாகச் சினிமாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். "இன்னா, கோர்ட்டு உத்தியோகம் எப்படி இருக்குது?" என்று கிண்டல் வேறு. நான் வீட்டில் எரிந்து விழுவேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "துன்னுட்டு கத்து" என்பாள்.

ஒரு வழியாக விசாரணை வந்தது. டிரைவர் ஏறினார். எங்கள் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: கல்லெறிந்தது இவர்தானா? டிரைவர் என்னை உற்றுப் பார்த்தார். பாவம், பொய் சொல்லத் தெரியாதவர். "எல்லாரும் ஒரே மாதிரி மண்ணா இருந்தாங்க, எப்படிங்க சொல்றது?" என்றார்.

அப்புறம் மேஸ்திரி, சலவை வேட்டியில். எரிக்கிற ஆள் கடைசி நாள் நகர மாட்டான் என்று சொன்னார். மாஜிஸ்ட்ரேட் நிறுத்தினார். "நகரவே முடியாதா?"

"நகரலாங்க ஐயா. நகந்தா ஜாடி இப்படி வராது."

ஜாடியை மேஜைமேல் வைத்தார். கோர்ட்டு ஹாலில் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். மாஜிஸ்ட்ரேட் பேனாவின் பின்பக்கத்தால் தட்டினார். அந்தக் கணீர் என் காதில் இன்னும் இருக்கிறது. ஒரு தடவை தட்டியவர் இன்னொரு தடவையும் தட்டினார். பிறகு குமாஸ்தாவிடம் கொடுத்து, சாட்சியப் பொருளாகச் சேர்க்கச் சொன்னார். ஜாடியின் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டினார்கள்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. தீர்ப்பு அவ்வளவுதான். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். பூங்காவனம் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு நேராக உள்ளே போனாள், ஜாடியைக் கேட்க.

அப்பீல் காலம் முடிய வேண்டும், பிறகு மனு போட வேண்டும், மனு விசாரணைக்கு வரும்போது ஆள் நேரில் வர வேண்டும் என்றார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எம் புருசன வாங்கறதுக்கே இத்தினி நட. ஜாடிக்கு வேற நடக்கணுமா? நீங்களே வச்சிக்கினு ஊறுகா போட்டுக்கங்க!"

குமாஸ்தா உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் தெரிந்து அந்த ஜாடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் எரித்ததிலேயே நல்ல சரக்கு.

சில வருஷம் கழித்து இங்கே வேலைக்கு மனுப் போட்டபோது ஒரு கேள்வி இருந்தது: எந்தக் கோர்ட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா? 'இல்லை' என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக எழுதினேன். அன்று வரிசையில் என் முன்னால் நின்று ஆமாங்க சொன்னவரும் மனுப் போட்டிருந்தார். என்னைவிடக் கைவேலை தெரிந்தவர். போலீஸ் விசாரணையில் அவர் காகிதம் நின்றுபோயிற்று. நான் கிளம்பும் அன்று ஸ்டேஷனுக்கு வந்து என் பெட்டியைத் தூக்கி ரயிலில் வைத்தார். "அன்னிக்கு உம் பொண்டாட்டி எனக்கும் சேத்து ரெண்டு வார்த்த திட்டியிருக்கலாம்பா" என்றார்.

7

இதையெல்லாம் பழமலைக்கு நாங்கள் சொன்னதே இல்லை. மறைக்கவில்லை, அவன் எப்போது எங்களோடு உட்கார்ந்தான் சொல்வதற்கு? அந்தச் சனிக்கிழமை உட்கார்ந்திருந்தான். போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில், கோட்டு இல்லாமல், குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு. கோட்டில் கண்ணாடித் தூள் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று கழற்றிக் காகிதப் பையில் போட்டுவிட்டார்கள்.

நான் இன்ஸ்பெக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். என் இங்கிலீஷ் பிடித்துத் தள்ளினால்தான் நகரும், ஆனால் அந்தக் கேள்வி மட்டும் சுத்தமாக வந்தது. "இவன் ஆமாம் என்று சொன்னால், நீங்கள் அதை எழுதி வைப்பீர்களா?"

"எங்கள் பதிவில் இருக்கும்" என்றார். மறைக்காமல் சொன்னார்.

பழமலை என்னைப் பார்த்து, "அப்பா, எல்லாரும் சொல்லிட்டாங்க. நானும் ஆமாம் சொல்றேன். வீட்டுக்குப் போலாம். ஒண்ணும் இல்ல இது" என்றான். ரொம்ப நாளுக்கப்புறம் அவன் முழுசாகப் பேசிய தமிழ்.

பூங்காவனம் அவன் முன்னால் போய் நின்றாள்.

"நீ ஒடச்சியா?"

"இல்லம்மா."

"கல்லு எடுத்தியா?"

"இல்லம்மா. சிப்ஸ் வாங்க நின்னேன்."

"அப்ப எதுக்கு ஆமாங்கற?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கேயே, இன்ஸ்பெக்டர் காத்திருக்க, கதையைச் சொன்னாள். பஸ்ஸு, மண்ணு, வராந்தா, ஏட்டு, ஜாடி. அழகு பண்ணிச் சொல்லவில்லை, சுருக்கமாகத்தான். நடுவில் பையன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். தினம் பார்க்கிற அப்பாவைப் பார்த்த பார்வை இல்லை அது. "நீங்களா?" என்றான். "ஜெயில்லயா?"

"சப்-ஜெயிலு" என்றேன். அதில் எனக்கு என்னமோ ஒரு கௌரவம்.

அவன் எழுந்து நின்றான். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன்: "நான் செய்யவில்லை. செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கோர்ட்டுக்கு அனுப்புவதென்றால் அனுப்புங்கள்." என் பக்கத்தில் பூங்காவனம், தனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "மை சன். நோ பிரேக். நோ யெஸ்" என்று ஒரு அடி போட்டாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

கூப்பிடும்போது வரவேண்டும் என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சொன்னேனே, நடை என்று. இங்கேயும் நடைதான், காலுக்குக் கீழே மண்ணுக்குப் பதில் பனி. அரசாங்கச் செலவில் ஒரு வக்கீல் கிடைத்தார். பள்ளிக்கூடத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பையன் சாப்பிடாமல் இருந்த நாட்களில் அவள், "துன்னுட்டு கவலப்படு" என்றாள். ராத்திரி சாப்பாட்டுக்கு மேஜையில் எங்களோடு உட்கார ஆரம்பித்தான். வாய்தா என்றால் என்ன, ரிமாண்டு என்றால் என்ன என்று என்னைக் கேட்டான். நான் சொன்னேன். அவன் இங்கே இருக்கிற முறையை எனக்குச் சொன்னான்.

வசந்தத்தில் காகிதம் வந்தது. கோட்டில் கண்ணாடித் துணுக்கு ஒன்றுமில்லை. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை. கோட்டை ஸ்டேஷனில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

8

பூங்காவனம் என்ன சொன்னாள் தெரியுமா? "கோட்டு போனா போவுது. வேற வாங்கிக்கலாம். அந்தப் பக்கமே போவ வாணாம்."

கோர்ட்டையே அதட்டியவள்! நானும் சரி என்றுதான் சொன்னேன். குளிரும் போய்விட்டது, பழைய கோட்டு, எதற்கு மறுபடி அந்த வாசல்?

பழமலை சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான். "ஏம்மா? ஜாடியத்தான் விட்டுட்டு வந்தீங்க. இது என்னோட கோட்டு."

தனியாகத்தான் போவேன் என்றான். போனான். நான் சும்மா இருப்பேனா? எதிர்ப்புற பஸ் ஸ்டாப்பில் போய், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றேன். அவன் ஸ்டேஷன் படியில் நின்று நிதானித்து ஏறியதைப் பார்த்தேன். நாங்கள் படியேறுவது போல உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஏறவில்லை. தபாலாபீசுக்குப் போகிறவன் மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். இரண்டு பஸ் வந்து போயின. நான் ஏறவில்லை.

வெளியே வந்தபோது கோட்டைப் போட்டிருந்தான், அந்த வெயிலில். என்னைப் பார்த்துச் சிரித்தபடி ரோட்டைக் கடந்து வந்தான். கைப்பக்கம் சோதனைச் சீட்டு நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது, எங்கள் ஜாடியின் கழுத்தில் கட்டினார்களே, அதே மாதிரி. அதைப் பிய்க்கப் போனேன். "இருக்கட்டும்பா, அம்மா பாக்கட்டும்" என்றான்.

அம்மா பார்த்தாள். கோட்டைக் கழற்றச் சொல்லி வாங்கினாள். உதறினாள், உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள், மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பழமலை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளில் கை வைத்தான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"யோவ், ஊருக்கு எழுது. எத்தினி வருசம் போட்டாங்கன்னு கேட்டாங்கல்ல? எம் புள்ள உள்ள போனான். அவனே போயி அவன் கோட்ட கேட்டு வாங்கிக்கினு வந்தான்னு எழுது."

எழுதிவிட்டேன்.